அடுக்களை மிச்சத்தில் செடி வளர்க்கும் ஜன்னல் தொகுப்பு: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மரச்சட்டம் ஒன்று, அதில் வரிசையாகச் செருகிய ஆறு கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொரு குழாயின் வாயிலும் உட்காரும் சிறு வலைக்கிண்ணம், செங்கல் போன்ற தென்னை நார்க்கழிவுக் கட்டி, ஒரு கையேடு ஆகியவை அடங்கிய இந்தத் தொகுப்பை இணையக் கடை ஒன்றில் 749 ரூபாய்க்கு வாங்கினேன். வேளச்சேரியில் இரண்டாம் மாடியில் உள்ள எங்கள் வீட்டின் அடுக்களை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. காலையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் வெயில் விழும்.

இதன் உண்மையான பயன் வலைக்கிண்ணத்தில்தான் இருக்கிறது. வெங்காயத்தாளின் வேர்ப்பகுதியை இரண்டு அங்குலம் விட்டு நறுக்கிச் சாதாரண டம்ளரில் போட்டால், அது சாய்ந்து தண்ணீரில் மூழ்கி, இரண்டு மூன்று நாளில் வழவழத்து நாற்றமெடுக்கும். முன்பு பலமுறை அப்படித்தான் தூக்கி எறிந்தேன். இந்தக் கிண்ணமோ சல்லிவேரை மட்டும் நீரைத் தொடவிட்டுத் தண்டை நிமிர்த்திப் பிடித்துக்கொள்கிறது. வைத்த மறுநாள் காலையிலேயே, நறுக்கிய வெள்ளை வட்டத்தின் நடுவிலிருந்து வெளிர்பச்சைக் குருத்து ஒன்று விரற்கடை அளவுக்கு நீண்டிருந்ததைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. பத்தாம் நாள் அது ஒரு சாண் உயரம் வந்து, அன்றைய முட்டைப் பொரியலுக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டாம் முறை அறுத்த தாள் மெலிந்திருந்தது, மூன்றாம் முறை வாசனையே இல்லை. வெறும் தண்ணீரில் சத்து கிடையாது. அடித்தண்டில் சேர்ந்திருந்த உணவு தீர்ந்ததும் செடி இளைக்கத்தான் செய்யும். இரண்டாம் அறுப்புக்குப் பிறகு மண்ணுக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு வரி எழுதாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் அறுக்கலாம் என்று கையேடு சொல்வது சரியல்ல.

புதினாவுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். சமையலுக்கு இலையைக் கிள்ளியபின் மிஞ்சும் தண்டில், ஒரு கணுவாவது நீருக்குள் இருக்கும்படி வைத்தால், ஒரு வாரத்தில் அந்தக் கணுவைச் சுற்றி நூல் போன்ற வெள்ளை வேர்கள் இறங்குகின்றன. கொடிப்பசலைத் தண்டும் அப்படியே. வேர் விட்டவற்றை, ஊறவைத்து இரண்டு முறை அலசிய நார்க்கழிவோடு மண்புழு உரம் கலந்த தொட்டிக்கு மாற்றினேன். அலசாத நார்க்கழிவில் உப்பு மிகுந்திருக்கக்கூடும் என்பதால் அந்த வேலையைத் தவிர்க்கக் கூடாது.

கேரட்டின் தலைப்பகுதியை வைத்தால் மீண்டும் கேரட் கிடைப்பதுபோல் கையேட்டில் படம் போட்டிருப்பதை வன்மையாக மறுக்கிறேன். நாம் உண்பது அதன் ஆணிவேர். வெட்டிய ஆணிவேர் திரும்ப உருவாகாது, மேலே இலை மட்டுமே துளிர்க்கும். அதை நம்பி ஒரு குழந்தை வாரக்கணக்கில் காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். இஞ்சியையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். முற்றிய கிழங்குக்கு எட்டு மாதத்துக்கு மேல் ஆகும், அகலமான தொட்டியும் வேண்டும், இந்தக் குழாயில் அதற்கு இடமே இல்லை.

கண்ணாடி தெளிவாக இருப்பது வேர் வளர்வதைப் பார்க்க அழகுதான், ஆனால் வெயில் உள்ளே புகுவதால் இரண்டாம் வாரமே பச்சைப் பாசி படிந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் விட்டுச்சென்ற வெள்ளை உப்புக்கறையும் அதோடு சேர்ந்துகொண்டது. குழாயின் வாய் குறுகலானதால் பாட்டில் பிரஷ் நுழையவில்லை. கல்லுப்பும் வினிகரும் போட்டுக் குலுக்கித்தான் கழுவுகிறேன், பாசி படியாமல் இருக்க வெளிப்புறம் பழுப்புத் தாள் சுற்றியிருக்கிறேன். தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுவதைக் கட்டாயமாகக் கொள்ளுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிச் சிறிய கலங்களில் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடும். ஊருக்குப் போகும்போது குழாய்களைக் காலி செய்து கவிழ்த்துவிட வேண்டும்.

கழுவும்போது ஒரு குழாய் கைதவறி உடைந்தது. அது மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விற்பனையாளரிடம் கேட்டதற்கு, முழுத் தொகுப்பாகத்தான் தருவோம் என்று பதில் வந்தது. உதிரிக் குழாய்களை விற்பனைக்கு வைத்து, கேரட் படத்தையும் நீக்கினால், புதினாவும் வெங்காயத்தாளும் அடிக்கடி வாங்கும், காலை வெயில் விழும் ஜன்னல் உள்ள வீடுகளுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன்.