டொமியோகா பட்டு ஆலை: நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்

ஜப்பானில் டகாசாகியில் ரயில் மாறி, ஜோஷு-டொமியோகாவில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். 1872-இல் அரசு தொடங்கிய ஆலை. கட்டி நடத்த அமர்த்தப்பட்டவர் பிரெஞ்சுக்காரர் பால் புருனா.

முதலில் பட்டுக்கூடு கிடங்கின் சுவரை நெருங்கிப் பாருங்கள். ஒரு செங்கல் நீளவாக்கில், அடுத்தது குறுக்கே என்று மாறி மாறி வரும். செங்கல் சுட்டவர்கள் கூரை ஓடு செய்யும் ஜப்பானியர்கள். சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்புக் காரை. ஜன்னல் கண்ணாடி பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. கையில் கிடைத்ததை வைத்து மனிதர் வேலையை முடித்திருக்கிறார்!

நூல் எடுக்கும் கூடம் சுமார் 140 மீட்டர் நீளம். தொடக்கத்தில் 300 பேர் உட்காரும் வசதி, ஆனால் பெண்கள் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் குடித்த சிவப்பு ஒயினை ரத்தம் என்று ஊரார் நம்பினார்களாம். மேலாளர் ஒடாகா தன் மகள் யூவையே முதல் தொழிலாளியாகச் சேர்த்தார். இப்போது அங்கே நிற்பவை பிற்காலத் தானியங்கி இயந்திரங்கள். ஆலை 1987 வரை ஓடியது.

சுற்றிலும் தாழ்வாரம் வைத்த புருனாவின் வீட்டையும் விட்டுவிடாதீர்கள். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு பெரிய வீடா என்று தோன்றும். அப்புறம் அது தொழிலாளிப் பெண்களின் பள்ளியானது, நல்லதாயிற்று. இயந்திரப் பிரியர்கள் தாராளமாகப் போகலாம். சின்னக் குழந்தைகளுக்குச் சலிக்கும்.