20 சதவீத எத்தனால் பெட்ரோல்: குமரிச் சாலைகளில் என் இரண்டு வண்டிகளின் மைலேஜ்

மார்த்தாண்டத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு, பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் கலந்து வரும் எத்தனாலில்தான் (கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹால்) வந்து நிற்கிறது. மைலேஜ் கால்வாசி போய்விட்டது என்று அடித்துச் சொல்கிறார்கள். நான் எழுதிவரும் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

வீட்டில் 2017-ல் வாங்கிய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பைக் ஒன்றும், 2023-ன் பிற்பகுதியில் வாங்கிய பெட்ரோல் கார் ஒன்றும் இருக்கின்றன. டேங்கை முழுதாக நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்துக் குறித்துவைப்பது என் பழக்கம். நாகர்கோவில் சாலையில் பைக் முன்பு லிட்டருக்கு 52 கிலோமீட்டர் கொடுத்தது. இப்போது 49-ஐ ஒட்டி நிற்கிறது. காரில் 17 கிடைத்தது. அதில் அரை கிலோமீட்டர்கூடக் குறையவில்லை.

காரணம் எளிது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் மொத்த ஆற்றலில் 6 முதல் 7 சதவீதம் குறையும். பைக்கின் இழப்பு அதற்குள்தான் அடங்குகிறது. 20 சதவீதக் கலவைக்கேற்பச் சரிசெய்த கார்களில் இழப்பு 1 முதல் 2 சதவீதம்தான் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை கணித்திருந்தது. கால்வாசி போய்விட்டதென்றால் வேறு கோளாறைத் தேட வேண்டும்.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலிக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளுகிறது; திரும்பும்போது நெஞ்சில் மோதுகிறது. அந்த இரண்டு பயணங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எத்தனாலால் வருவதைவிடப் பெரிது. அதனால் ஒரே சாலை, ஒரே பருவம் என்று ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

எனக்கு உண்மையான கவலை மைலேஜ் அல்ல, ஈரம். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, கடற்காற்றும் உண்டு. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி மழையில் பைக்கைச் சில வாரங்கள் எடுக்காமல் விட்டேன். பிறகு கிக்கரை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துபோனது. மெக்கானிக் அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டினார்: கிண்ணத்தின் அடியில் வெண்பொடி படிந்திருந்தது, பெட்ரோல் போகும் ஜெட்டின் சிறு துளை பாதி அடைந்திருந்தது, பெட்ரோல் வரும் ரப்பர் குழாய் அழுத்தினால் விரிசல் விடும் அளவுக்கு விறைத்திருந்தது. குழாயை மாற்றினோம். இப்போது வண்டியை நிறுத்திவைப்பதற்கு முன் டேங்குக்குக் கீழே உள்ள பெட்ரோல் திருகை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை என்ஜினை ஓடவிடுகிறேன். அதன்பிறகு தொல்லை இல்லை.

கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் விலை கிடைப்பதையும் கச்சா எண்ணெய் இறக்குமதி குறைவதையும் நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் ஆற்றல் குறைந்த எரிபொருளுக்கு விலையும் குறைய வேண்டும். 20 சதவீதக் கலவைக்கென்று செய்யப்படாத, 2023-க்கு முந்தைய வண்டிகள் ஓடும்வரை 10 சதவீதக் கலவையும் பங்க்குகளில் கிடைக்க வேண்டும்.