அஞ்சலை ஸ்டேடியம், மொரீஷியஸ்: உள்ளூர் ஆட்டம் இருந்தால் விடாதீர்கள்

மொரீஷியஸ் போகிறவர்கள் பாம்பிள்மூஸ் தோட்டத்தில் அந்தப் பெரிய அல்லி இலைகளைப் படம் எடுத்துவிட்டு நேராகக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதே வட்டாரத்தில்தான் பெல்வூ, அங்கே கரும்புக்காட்டுப் பக்கம் அஞ்சலை ஸ்டேடியம். முடிந்தால் கால்பந்து ஆட்டம் இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள்.

அஞ்சலை குப்பன் கரும்புத் தோட்டத்துக் கூலிப்பெண். 1943 செப்டம்பரில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் இறந்த நான்கு பேரில் ஒருவர், அப்போது வயிற்றில் பிள்ளை வேறு. தேசிய அணி இறங்கி ஆடிய மைதானத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள், அதற்காகவே இந்த இடத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, ஆட்டம் எப்படித் தெரியும்? சுமார்தான். ஆடுகளத்துக்கும் இருக்கைகளுக்கும் நடுவில் ஓட்டப்பந்தயத் தடம் இருப்பதால் (1992 ஆப்பிரிக்கத் தடகளப் போட்டி இங்கேதான் நடந்தது) பந்து எங்கோ தூரத்தில் உருளும். கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்காராதீர்கள், நடுக்கோட்டுக்கு நேரே மேல்வரிசையில் இடம் பிடியுங்கள். தொப்பி அவசியம்.

மனசு கஷ்டப்படுவது கூட்டத்தைப் பார்த்தால்தான். தமிழ் கேடட்ஸ், ஹிந்து கேடட்ஸ், முஸ்லிம் ஸ்கவுட்ஸ் என்று ஆளுக்கொரு கிளப் வைத்துக்கொண்டு தீவே இரண்டுபட்டு நின்று பந்து பார்த்த ஊர் இது. 1999 மே மாதம் இதே மைதானத்தில் ஸ்கவுட்ஸும் ஃபயர் பிரிகேட் என்ற இன்னொரு கிளப்பும் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு வெடித்த கலவரம் தலைநகர் போர்ட் லூயி வரை போய், அங்கே ஒரு சூதாட்ட விடுதிக்கு வைத்த தீயில் ஏழு பேர் இறந்தார்கள். லீக்கை நிறுத்திவிட்டு, கிளப்புகளை ஊர்வாரியாக மாற்றினார்கள். செய்யவேண்டிய காரியம்தான், ஆனால் ரசிகர்களும் அதோடு போய்விட்டார்கள், இப்போது லிவர்பூலையும் மான்செஸ்டர் யுனைடெட்டையும் டிவியில் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறார்கள். கோல்கீப்பர் தடுப்பாட்டக்காரரை உள்ளூர் கிரியோல் மொழியில் திட்டுவது மேல்வரிசை வரை கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பையன்கள் நன்றாகவே ஆடுகிறார்கள், பார்க்கத்தான் ஆளில்லை.

சாப்பாட்டுக்கு உள்ளே எதையும் நம்பாதீர்கள். வரும் வழியிலேயே டால் பூரி வாங்கிக்கொள்ளுங்கள், ஜோடியாகத்தான் தருவார்கள், பீன்ஸ் கறியும் மிளகாய்ச் சட்னியும் வைத்துச் சுருட்டிக் கொடுப்பார்கள், சட்னியைக் குறைத்துக் கேளுங்கள். அப்புறம், இந்த ஊரில் பஸ் சீக்கிரம் நின்றுவிடும், மாலை ஆட்டம் என்றால் திரும்புவதற்கு டாக்ஸியை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

5க்கு 3.5.