அட்டாரி பங்க் கன்சோல் கிட்: சால்டரிங் பழக சூப்பர், ஆனா பாட் வேல்யூ பாத்துட்டு ஆரம்பிங்க

அட்டாரி பங்க் கன்சோல்ங்கறது நாமளே சால்டர் பண்ணி செய்யற, பழைய வீடியோ கேம் மாதிரி சத்தம் போடற ஒரு குட்டி எலக்ட்ரானிக்ஸ் பொம்மை. ஆன்லைன்ல இந்தப் பேரைப் போட்டு தேடினா ஏகப்பட்ட பேர் இதே கிட்டை விக்கிறாங்க, போர்டு கலர் மட்டும்தான் மாறும், உள்ள இருக்கற சர்க்யூட் ஒண்ணுதான். நான் வாங்கினது கூரியர் சேத்து ஐநூறு ரூபாய்க்குள்ள வந்துச்சு. பேருல அட்டாரி இருக்கேன்னு அந்த கேம் கம்பெனி செஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க, ஃபாரஸ்ட் மிம்ஸ்னு ஒரு அமெரிக்கர், ரேடியோ ஷாக்ங்கற எலக்ட்ரானிக்ஸ் கடைக்காக கையாலயே எழுதி படமும் வரைஞ்சு நோட்டுபுக் போடுவாரு, அதுல 1980கள் ஆரம்பத்துல வந்த சர்க்யூட் இது. சத்தம் பழைய வீடியோ கேம் மாதிரி இருக்குன்னு பின்னாடி வந்தவங்க இப்படி கூப்பிட ஆரம்பிச்சு அதுவே நிலைச்சிருச்சு.

கவர்ல ஒரு சின்ன போர்டு, 556 ஐசி, அதுக்கு 14 கால் பேஸ், ரெண்டு பாட் (திருப்பினா ரெசிஸ்டன்ஸ் மாறற குமிழ்), ஒரு வால்யூம் கன்ட்ரோல், கொஞ்சம் ரெசிஸ்டர், டிஸ்க் கண்டன்சர் 103 (அதாவது 0.01 மைக்ரோ ஃபாரட்) ஒண்ணு 104 (0.1 மைக்ரோ ஃபாரட்) ஒண்ணு, 10 மைக்ரோ ஃபாரட் ஒண்ணு, குட்டி ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி க்ளிப், அவ்வளவுதான். 556ன்னா வேற ஒண்ணும் இல்ல, ரெண்டு 555 டைமர் ஐசி (நேரக் கணக்குப்படி பல்ஸ் விடறது) ஒரே உடம்புல. 555 தெரியாம யாரும் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் வந்திருக்க மாட்டீங்க, ஹான்ஸ் கேமன்சிண்ட் சிக்னெடிக்ஸ் கம்பெனிக்காக 1971ல டிசைன் பண்ணது, இன்னைக்கும் டீ காசுக்கு கிடைக்குது. மேனுவல்னு ஒரு ஜெராக்ஸ் பேப்பர் வருது, அதுல எந்த ரெசிஸ்டர் எங்கன்னு படிக்க லென்ஸ் வேணும். போர்டு மேலயே பிரிண்ட் தெளிவா இருக்கு, பேப்பரை தூக்கிப் போட்டுட்டு அதைப் பாத்தே செய்யலாம்.

இப்ப குறைக்கு வரேன். சர்க்யூட்டுக்கு வேண்டியது 500 கே (கிலோ ஓம்) பாட் ரெண்டு, எனக்கு வந்ததுல முதுகுல பி100கேன்னு அடிச்சிருந்துச்சு. சால்டர் பண்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் மல்டிமீட்டர்ல வச்சுப் பாக்கற பழக்கம் இருக்கறதால அப்பவே தெரிஞ்சுது. செல்லருக்கு மெசேஜ் போட்டா "ஒர்க் ஆகும் சார், நோ ப்ராப்ளம்"னு பதில். ஒர்க் ஆகும்தான், யாரு இல்லைன்னா, ஆனா கணக்கைப் பாருங்க: முதல் 555 எவ்வளவு வேகமா அடிக்கும்ங்கறது 1.44ஐ ரெசிஸ்டன்ஸ் பெருக்கல் கண்டன்சரால வகுத்தா வரும், 500 கே முழுசா திருப்பி வச்சா 103 கண்டன்சரோட சுமார் 287 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும், 100 கே போட்டா 1400 ஹெர்ட்ஸுக்கு கீழ இறங்கவே இறங்காது. அதாவது முதல் 555 குடுக்கற கனமான குரல் எல்லாம் போயி கீச்சு கீச்சுன்னு கத்தல்தான் முன்னாடி நிக்கும். வாங்கினவங்க நிறைய பேர் "சத்தம் காதைக் குத்துது, ஒரு ஸ்டார்"னு போட்டிருக்கறதுக்கு இதுவா கூட இருக்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல 500 கே கேட்டா உடனே எடுத்துக் குடுக்கறாங்க, சில கடையில 470 கே குடுப்பாங்க, அதுவும் ஓகே, காதுக்கு வித்தியாசம் தெரியாது.

சால்டரிங் பத்தி. முதல் தடவை அயன் பிடிக்கறவங்களுக்கு இது நல்ல கிட்னு தைரியமா சொல்வேன், ஏன்னா கால்களுக்கு நடுவுல இடம் தாராளமா இருக்கு, எஸ்எம்டி (போர்டு மேலயே ஒட்டற பொடி பார்ட்ஸ்) எதுவும் கிடையாது, மொத்தமா நாப்பது அம்பது பாயின்ட் தாண்டாது. சோல்ட்ரான் 25 வாட் அயனே போதும், டெம்பரேச்சர் ஸ்டேஷன் எல்லாம் இதுக்கு வேஸ்ட். லெட் (உருக்கி ஒட்டற சால்டர் கம்பி) மட்டும் நல்லதா 60/40 வாங்குங்க, உள்ளயே ஃப்ளக்ஸ் (ஒட்ட உதவற பசை) இருக்கறது, 190 டிகிரிக்குள்ள உருகிடும். கடையில சேத்து ஒரு டப்பா பேஸ்ட் தள்ளி விடப் பாப்பாங்க, என்ன பேஸ்ட்னு தெரியாம போர்டுல தடவாதீங்க, ஆசிட் ஐட்டமா இருந்தா ஆறு மாசத்துல காப்பரை அரிச்சுரும். முதல்ல படுத்துக் கிடக்கற ரெசிஸ்டர், அப்புறம் ஐசி பேஸ், டிஸ்க், கடைசியா உயரமான ஐட்டம் எல்லாம், இந்த ஆர்டர்ல போனா போர்டை கவுத்துப் போடும்போது எதுவும் நழுவி விழாது. அயன் முனை காலையும் பேடையும் (போர்டுல காலைச் சுத்தி இருக்கற காப்பர்) ஒண்ணா தொடணும், லெட்டை அயன் மேல வைக்காம அந்த ஜாயின்ட்ல வைக்கணும், ரெண்டு மூணு செகண்ட், தானா ஓடிப் பரவும். உருண்டையா கோலிக்குண்டு மாதிரி நின்னாலோ பளபளப்பு இல்லாம சாம்பலா இருந்தாலோ டிரை சால்டர், திரும்ப சூடு பண்ணுங்க. டிவி மெக்கானிக் யாரைக் கேட்டாலும் பாதி ரிப்பேர் இந்த டிரை சால்டர்தான்னு சொல்வாரு.

போர்டு குவாலிட்டி சுமார்தான், பேட் மெல்லிசு, ஒரே பாயின்ட்ல ரொம்ப நேரம் அயனை வச்சு அழுத்தினா உரிஞ்சு வந்துரும். பாட் குமிழோட கால் தடிமனா இருக்கறதால சூடு ஏற லேட்டாகும், அங்கதான் புதுசா பண்றவங்க அழுத்துவாங்க, அதனால காலுல மொதல்லயே கொஞ்சம் லெட் ஏத்திட்டு அப்புறம் போர்டுல மாட்டுங்க. பேஸ் குடுத்திருக்கறதுக்கு செல்லருக்கு ஒரு கும்பிடு, ஐசியை நேரா சால்டர் பண்ற வேலை மிச்சம். வெட்டு இருக்கற பக்கம் மட்டும் பிரிண்டோட ஒத்துப் போகுதான்னு பாத்து சொருகுங்க.

சத்தத்துக்கு வரேன், இதுக்காகத்தான் இந்த ரிவ்யூவே எழுதறேன். முதல் 555 விடாம டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு டிக்குக்கும் ரெண்டாவது 555 ஒரு பல்ஸ் விடும், அந்தப் பல்ஸோட நீளத்தை ரெண்டாவது பாட்ல கூட்டலாம். பல்ஸ் முடியறதுக்குள்ள அடுத்த டிக் வந்தா அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. அதனால நீளத்தை கூட்டக் கூட்ட ரெண்டு டிக்குக்கு ஒரு பல்ஸ், மூணுக்கு ஒண்ணு, நாலுக்கு ஒண்ணுன்னு ஆகி, ஸ்ருதி வழுக்கிக்கிட்டு இறங்காம படி படியா தொபுக்குன்னு குதிக்குது.

என் தங்கச்சி பத்து வருஷம் பாட்டு கத்துக்கிட்டவ, பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு "மேல் ஸா, ஸா, கீழ மா, கீழ ஸா, அதுக்கும் கீழ தா"ன்னு ஸ்வரம் சொல்லிட்டே வந்தா. கணக்கும் அப்படியேதான் வருது, ஹெர்ட்ஸ் பாதின்னா ஒரு ஸ்தாயி கீழ ஸட்ஜமம், மூணுல ஒண்ணுன்னா சுத்த மத்யமம், அஞ்சுல ஒண்ணுன்னா சுத்த தைவதம், ஏழாவது படி எந்த ஸ்வர ஸ்தானத்துலயும் உக்காராம ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவுல தொங்கும். "எல்லாம் சரி, பஞ்சமம் எங்கடா"ன்னா. வரவே வராது, எத்தனை படி இறங்கினாலும் சுத்தமான பஞ்சமம் இந்த வகுத்தல்ல கிடைக்காது. வேணும்னா அந்த மத்யமத்தையே ஸட்ஜமமா வச்சுக்கிட்டா பழைய ஸா எல்லாம் பஞ்சமமா மாறிடும், மத்யம ஸ்ருதியில பாடற மாதிரி. இவ்வளவு சங்கதி ஒரு பொம்மை கிட்டுல இருக்கும்னு சத்தியமா எதிர்பாக்கல. ஆனா இதுல பாட்டு வாசிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கை லேசா ஆடினாலே ஸ்ருதி ஓடிரும், பேட்டரி இறங்கினா குரலும் மாறுது.

ரெண்டாவது பாட் குமிழை முழுசா திருப்பினா பல்ஸ் 55 மில்லி செகண்டுக்கு நீளும், அப்ப ஸ்வரமா இருக்காது, மோட்டார் மாதிரி டகடகடகன்னு ஓடும். வீட்டுல குழந்தைங்க இருந்தா அதுக்குத்தான் சண்டை.

ஸ்பீக்கர் சுமார். பெரிய ஆம்ப்ல கேட்டா வேற லெவல்ல இருக்கு, ஆனா அவுட்புட்டை நேரா ஆக்ஸ்ல சொருகாதீங்க, 9 வோல்ட் பேட்டரியில ஓடற ஸ்கொயர் வேவ் அது. 10 கே ரெசிஸ்டரும் 1 கே ரெசிஸ்டரும் போட்டு வோல்ட்டேஜைப் பிரிச்சா 1 கே பக்கம் ஒரு வோல்ட்டுக்கு கீழ வந்துரும், அதை அனுப்புங்க. இன்னொரு வேலையும் செஞ்சு பாருங்க, முதல் பாட் குமிழுக்கு பதிலா ஒரு எல்டிஆரும் (வெளிச்சத்துக்கு ரெசிஸ்டன்ஸ் மாறற பார்ட்) அதோட சீரியஸ்ல ஒரு 1 கே ரெசிஸ்டரும் போட்டா வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி பாடும், கையை மேல கீழ ஆட்டி வாசிக்கலாம், மொத்தமே பத்து இருபது ரூபா செலவு.

சால்டரிங் ஏற்கனவே தெரிஞ்சவங்க கிட் வாங்க வேண்டியதே இல்ல, பார்ட்ஸ் எல்லாம் தனித்தனியா வாங்கி டாட் போர்டுல (ஓட்டை ஓட்டையா இருக்கற வெறும் போர்டு) போட்டா பாதி காசுக்கு முடிஞ்சிரும். புதுசா பழகறவங்களுக்கு, ஸ்கூல் பசங்களுக்கு, போர்டுக்காகவே வாங்கலாம், நாலு ஸ்டார். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி செல்லர்கிட்ட பாட் 500 கேதானான்னு கேட்டு எழுத்துல பதில் வாங்கி வச்சுக்கோங்க. பேட்டரி கிட்டோட வராது, சிவப்பு 9 வோல்ட் சீக்கிரம் படுத்துருது, ஆல்கலைன் வாங்குங்க, இல்ல பழைய மொபைல் சார்ஜர் இருந்தா 5 வோல்ட்லயும் ஓடும், சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கும்.