ஆடி பிறக்கமுன் அம்மாவின் அறை

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக் கக்கூஸ் கிணற்றுக்கு அப்பால், வளவின் பின்மூலையில் இருந்தது. 76 வயதில், முழங்கால் வருத்தத்தோடு, அம்மா இரவில் டோர்ச் பிடித்துக்கொண்டு அங்கே நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போன வருசம் கனடாவுக்குத் திரும்பினேன். அந்தக் கவலையில் தொடங்கியதுதான் இந்த வேலை. வீட்டோடு ஒட்டி இரண்டு அறை, ஒன்றுக்குள்ளேயே பாத்ரூம். சுவர், கூரை, பூச்சு எல்லாம் மச்சான் நின்று பார்த்து முடித்துவிட்டார். மிச்சத்தை முடித்து அம்மாவைக் குடியேற்ற யூன் மாதம் ஐந்து கிழமை லீவில் போனேன்.

யூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். அதற்குள் பால் காய்ச்ச வேண்டும். ஆவணிவரை நிற்க எனக்கு லீவு இல்லை. "சின்னச் சின்ன வேலைதானே, குடிபூந்துபோட்டுப் பிறகு செய்யலாம்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டிலும் அலுமாரியும் உள்ளே ஏறிய பிறகு மிச்ச வேலை முடிந்த வீட்டை நான் கண்டதில்லை. வேலையாட்கள் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

முதலில் பாத்ரூம். தரை ஓடு பதித்து முடிந்திருந்தது, பார்க்க வடிவாகவும் இருந்தது. தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியும் பொலித்தீனும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க விட்டேன். மறுநாள் வெளிச்சுவரின் அடியில் ஈரம். துணியை எடுத்தால் தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் வாசல் பக்கம் வந்து தேங்கியது. ஓடு பதித்தவர், "தும்புத்தடியால தள்ளிவிட்டாச் சரி தம்பி" என்றார். அந்தத் தண்ணீரில் கால் வைக்கப்போவது அம்மா. உடைக்கச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது, குரலும் உயர்ந்தது. ஆனால் அடுத்த நாள் காலையில் அவரே உளியோடு வந்தார். வாட்டத்தைத் திருத்தி, நீர் கசியாமல் இருக்கும் பூச்சை இரண்டு தரம் அடித்து, காயவிட்டு, திரும்பவும் நிரப்பிப் பார்த்தோம். இந்தமுறை சுவர் காய்ந்தே இருந்தது. இடையில் உதவியாள் கதிர்காமப் பாதயாத்திரைக்குப் புறப்பட்டுவிட்டார். நேர்த்தி, மறிக்க முடியாது. எட்டு நாள் போனது.

உடைத்த ஓட்டுக்கு அதே நிறம் தேடுவதுதான் பெரும்பாடாக இருக்கும் என்று பயந்தேன். பெட்டியில் அடித்திருக்கும் தொகுதி இலக்கம் மாறினால் நிறமும் கொஞ்சம் மாறிவிடும். நாங்கள் வாங்கிய காத்தான்குடிக் கடைக்காரர் பெட்டி அட்டையைப் பார்த்து, அதே இலக்கத்தில் இரண்டு பெட்டி எடுத்துத் தந்தார். பின்னேரமே சாமான் வாசலில் இறங்கியது. நகரத்தில் வாங்கிய தண்ணீர்த் தாங்கியும் அப்படித்தான். அப்பா முன்அறை கட்டிய காலத்தில், நகரத்தையும் கல்லடியையும் இணைக்கும், 1924 இல் திறந்த பழைய பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் போகலாம். சீமெந்து லொறி முறைக்குக் காத்துக் கிடக்கும். 2013 இல் புதுப்பாலம் வந்த பிறகு அந்தக் கரைச்சல் இல்லை.

வயரிங் செய்த தம்பி புது அறைகளின் லைனைப் பழைய வீட்டு வயரில் கொழுவியிருந்தார். பழையதில் எர்த் இல்லை. பாத்ரூமில் சுடுநீர் ஹீற்றர் போடும் வீட்டில் இது விளையாட்டல்ல. புது எர்த் கம்பி இறக்கி, மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்து, ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அமத்தி மின்சாரம் துண்டிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கூலி கொடுத்தேன். அவர் முகம் சுளிக்காமல் செய்தார்.

மரவேலை செய்த ஓடாவி அண்ணனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இடைவெளி ஏன் என்று கேட்டேன். "மாரி பிடிச்சா மரம் ஊதும் தம்பி, அதுக்குத்தான்" என்றார். அம்மா பிடித்து எழும்பக் கைபிடிக் கம்பியும் அவரே பூட்டினார். அம்மாவை இருந்து எழும்பச் சொல்லி, கை எட்டும் உயரத்தை அளந்து சுவரில் குறி போட்ட பிறகுதான் துளைத்தார்.

பெயின்ட் அம்மாவின் அறைக்கு மட்டும். மேயில் பூசிய சுவர், கச்சான் காற்றில் நன்றாகக் காய்ந்திருந்தது. மற்ற அறையின் பூச்சுக்கு இன்னும் நான்கு கிழமை ஆகவில்லை. அவசரப்பட்டு அடித்தால் கொப்பளித்து உரியும். அதைப் பூட்டி வைத்தோம். கூலியில் பத்தில் ஒரு பங்கை மச்சானிடம் கொடுத்திருக்கிறேன், வேலை முடிந்ததும் கொடுக்க.

ஆனி கடைசிக் கிழமை, விடியப்புறம் பால் பொங்கியது. அன்றிரவு விறாந்தையில் படுத்திருந்தேன். இரண்டு மணிபோல அம்மாவின் அறையில் லைட் எரிந்தது, தண்ணீர்ச் சத்தம் கேட்டது, லைட் அணைந்தது. காலையில் டோர்ச்சை என்னிடம் நீட்டி, "இதைக் கொண்டுபோய்க் குசினிக்க வை மனே" என்றார்.