லட்லோவா சிப்பிங் காம்ப்டனா? கார் இல்லாதவங்க எதுக்குப் போகலாம்

இங்கிலாந்து கிராமப்புறத்துல பழைய சந்தை ஊர் ஒண்ணு பாக்கணும், கையில ஒரு நாள்தான் இருக்குன்னா எங்க போறதுன்னு எங்க வீட்ல பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு. ஆளுக்கு ஒண்ணு சொல்லி கடைசில லட்லோ, சிப்பிங் காம்ப்டன் ரெண்டுக்குமே போயாச்சு, ஆனா மறுபடி போறதுன்னா நான் லட்லோவுக்குத்தான் டிக்கெட் போடுவேன்.

அழகுல காம்ப்டன் ஒரு படி மேலதான், அதுல சண்டை இல்ல. தேன் கலர் கல்லு வீடுங்க, கம்பளி வியாபாரத்துல வந்த காசுல எழும்பின சர்ச். 1627ல பாப்டிஸ்ட் ஹிக்ஸ்ங்கற பணக்கார வியாபாரி கட்டிக்குடுத்த மார்க்கெட் ஹால் மெயின் தெருவுலயே நிக்குது, வெண்ணெய், சீஸ், கோழி விக்கறதுக்குன்னு கட்டினது, தரை பூரா மேடும் பள்ளமுமா தேஞ்ச கல்லு. இப்போ உள்ள நிக்கறது பெரும்பாலும் போட்டோ எடுக்கறவங்கதான்.

சிக்கல் என்னன்னா போய்ச் சேர்றது. காம்ப்டன் ஸ்டேஷன 1966லயே மூடிட்டாங்க, ரயில் ஊர் பக்கமாத்தான் போகுது ஆனா நிக்காது. லண்டன் பாடிங்டன்ல ஏறி மோர்ட்டன்-இன்-மார்ஷ்ல இறங்கணும், ஒன்றரை மணி நேரம் சொச்சம், அதுக்கப்புறம் பஸ். அது நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி ஒண்ணு போனா அடுத்தது வரும்னு நிக்கற பஸ் இல்ல, விட்டா விட்டதுதான். அதனால சர்ச்சுக்குள்ள நிக்கும்போதும் கண்ணு வாட்ச் மேலயே இருக்கு, டீ ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி டைம்டேபிள், பிள்ளைங்க ஐஸ்கிரீம் கேட்டா டைம்டேபிள், அப்புறம் எங்க ஊர் பாக்கறது.

லட்லோ லண்டன்லேருந்து தூரம், மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும், நடுவுல ரயில் மாறணும், ஒத்துக்கறேன். ஆனா மான்செஸ்டர்-கார்டிஃப் ரயில் ஊருக்குள்ளயே விட்டுடுது, மெதுவா நடந்தாலும் பத்து நிமிஷத்துல கோட்டை முன்னாடி சந்தைல நிப்பீங்க. திங்கள், வெள்ளி, சனி போனா நெஜமாவே சந்தை நடக்குது, ரொட்டி, காய்கறி, பழைய சாமான்னு உள்ளூர்க்காரங்க பை தூக்கிட்டு வர்றாங்க. கோட்டைக்கு டிக்கெட் உண்டு. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியோட அண்ணன் ஆர்தர் 1502ல இங்கதான் செத்தான், பதினஞ்சு வயசு, அவன் மட்டும் பொழச்சிருந்தா ஹென்றிக்கு கிரீடம் ஏது.

லட்லோல எனக்குப் புடிச்சது செயின்ட் லாரன்ஸ் சர்ச்தான். பாடறவங்க உக்கார்ற மடக்கு மர சீட்டுக்கு அடியில 15ஆம் நூற்றாண்டு செதுக்கல், குனிஞ்சு பாத்தாதான் தெரியும். அதுல ஒண்ணு, பீர் அளவுல ஏமாத்தின பொம்பளைய பேய் ஒண்ணு தோள்ல போட்டு நரகத்துக்குத் தூக்கிட்டுப் போகுது, அவ கையில அந்தக் குவளை இன்னும் அப்படியே இருக்கு, பக்கத்துல இன்னொரு பேய் அவ கணக்கை வாசிக்குது. சந்தை ஊருக்கு இதவிட பொருத்தமான செதுக்கல் கிடைக்குமா?

சாப்பாட்டுக்கும் லட்லோ பேர்போன ஊர், 1995லேருந்து கோட்டைல உணவுத் திருவிழா நடத்தறாங்க, அந்தக் கூட்டத்துல நான் போனதில்ல, நீங்க போறீங்கன்னா ரூம் முன்னாடியே போட்டுடுங்க. காம்ப்டன்ல ராத்திரி தங்கினா பஸ் டென்ஷன் இல்லாம நல்லாவே இருக்கலாம், நான் தங்கிப் பாக்கல.

கையில கார் இருந்தா என் பேச்சைக் கேக்காதீங்க, காம்ப்டன், பிராட்வே டவர், ஹிட்கோட் தோட்டம்னு ஒரே சுத்துல முடிச்சிடலாம். முட்டி வலி உள்ள பெரியவங்க கூட வந்தாலும் காம்ப்டன்தான் சௌகரியம், லட்லோல பிராட் ஸ்ட்ரீட் நல்ல சரிவு, இறங்கும்போது தெரியாது, ஏறும்போது திட்டுவாங்க.