ஹாலிபட்டா, சேயா: வடகடல் மீனின் பாதரசக் கணக்கு

வட நோர்வேயில் எங்கள் வீட்டுக் குழம்புக்கு இரண்டு மீன்களுக்கிடையேதான் எப்போதும் போட்டி. ஒன்று ஹாலிபட், இங்கே அதைக் குவெய்த்தா என்பார்கள். மற்றது கொட் மீனுக்கு உறவான, முதுகு கறுத்த சேய். ஹாலிபட் விலை கூடியது, பொரியலுக்கு நிகரற்றது. சேய் மலிவானது, வெந்ததும் சற்றுச் சாம்பல் நிறமாகும், ஆனால் புளிக்குழம்பில் உடையாமல் நிற்கும். மனைவி கருவுற்றிருந்த ஆண்டில் நாங்கள் சேயின் பக்கம் சாய்ந்ததற்கு இவை எதுவும் காரணமல்ல, பாதரசமே காரணம்.

நிலக்கரி எரிப்பிலிருந்து காற்றில் கலந்து வடக்கே வந்து சேரும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக, அதாவது மீனின் உடலில் சேர்ந்துகொண்டே போகும் வடிவமாக, மாற்றுகின்றன. அது கொழுப்பில் தங்காமல் தசைப் புரதத்தோடு பிணைந்துகொள்வதால், தோலை உரித்தாலும், எத்தனை முறை அலசினாலும், எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் போவதில்லை. ஆகவே மீன் எதை உண்டது, எத்தனை ஆண்டு உண்டது என்பவைதான் கேள்வி. சேய் பெரும்பாலும் கிறில் எனும் இறால் போன்ற சிற்றுயிர்களையும் சிறு மீன்களையும் தின்று வாழ்கிறது. ஹாலிபட்டோ கொட் மீனையே விழுங்கும் வேட்டை மீன், பல பத்தாண்டுகள் வாழ்ந்து 200 கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு கிலோ ஹாலிபட்டில் 1 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம். சேய்க்கு அந்த வரம்பு 0.3 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் வகுத்த அளவின்படி, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 1.3 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசமே ஏற்கத்தக்கது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது 78 மைக்ரோகிராம். மீனிலுள்ள பாதரசம் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் வடிவமே என்று கொண்டால், வரம்பைத் தொட்ட ஹாலிபட்டின் 200 கிராம் துண்டு ஒன்றே 200 மைக்ரோகிராமைக் கொடுத்துவிடும். வரம்பைத் தொட்ட சேயில் அதே அளவு துண்டு 60-ஐத் தாண்டாது. இவை உச்ச வரம்புகளே, சராசரிகள் அல்ல. சிறிய ஹாலிபட்டில் பாதரசம் மிகக் குறைவாகவே இருக்கும்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. 2 மீட்டருக்கு மேல் நீளமான ஹாலிபட் பிடிபட்டால் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது நோர்வேயின் விதி. அதற்குச் சற்றுக் குட்டையான கிழமீனோ தாராளமாகச் சந்தைக்கு வரலாம். துண்டாக்கி உறையிலிட்டபின் அதன் வயதை யார் கண்டது? நாங்கள் வாங்கிய உறைபனிப் பொதிகள் எவற்றிலும் முழு மீனின் எடை அச்சிடப்பட்டிருக்கவில்லை. சேயில் இந்தக் கவலை குறைவு, ஏனெனில் பெரிய சேயும் ஹாலிபட்டின் கணக்கில் குஞ்சுதான்.

சேய்க்கும் இடம் பார்க்க வேண்டும். மேற்கு நோர்வேயில், ஒட்டா நகரின் துத்தநாக ஆலைக் கழிவு பல காலம் கலந்த சோர்ஃபியோர்டு எனும் கடல் நீரிணைப்பில் பிடித்ததை நான் வாங்கமாட்டேன். வளர்ப்பு ஹாலிபட் இளமையிலேயே அறுவடையாவதால் பாதரசம் குறைவாயிருப்பது இயல்பு. இரண்டே முறை வாங்கியிருப்பதால் அதன் ருசியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) ஹாலிபட் சமைப்பது வடபுலத்து வழக்கம், எங்கள் வீட்டுக்கும் அது தொற்றிவிட்டது. அந்த ஒரு நாளுக்கு மட்டும், முழு மீனையும் கண்முன் வைத்து வெட்டித் தருபவரிடம் போய், பத்துக் கிலோவுக்கு உட்பட்ட மீனாகக் கேட்டு வாங்குகிறோம்.